மழையில் மின் கிராவல் பைக்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் தென்பகுதியில் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கி.மீ. நீளும் சவுத் டவுன்ஸ் வே பாதையில், எடை குறைந்த மின் கிராவல் பைக் (சரளை, மண் பாதைகளில் ஓட்டும், மோட்டார் உதவியுள்ள மிதிவண்டி) ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

அண்ணா, அடைமழையில் ஓட்டினால் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடாதா?

மழையையும் தெறிக்கும் சேற்றையும் தாங்கும்படிதான் மோட்டாரைச் செய்திருக்கிறார்கள். வீடு திரும்பியதும் உயர் அழுத்தக் குழாயால் கழுவுவதுதான் ஆபத்து. அந்த வேகத்தில் பாயும் நீர் பேரிங் மூடிகளைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். சார்ஜ் துளையைத் துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள்.

ஈரமான சுண்ணாம்புப் பாறை ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது. மோட்டார் உதவியைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள், ஒரு படி குறையுங்கள். மழையில் நனைந்த சுண்ணாம்புப் பாறையின் மேல் சோப்புபோல மெல்லிய பசை படர்ந்துவிடும். அதில் சக்கரம் சறுக்குவதற்குக் காரணம் வலுக்குறைவு அல்ல, வலு திடீரென்று வந்து சேர்வதுதான். மிகச் சிறிய கியரில் பெடலை ஓங்கி மிதித்தால், மோட்டாரும் அந்த மிதியோடு சேர்ந்து தள்ளும். சக்கரம் பிடி இழந்துவிடும். ஒரு பல்சக்கரம் பெரிய கியரில், இருக்கையை விட்டு எழாமல், சீராக மிதியுங்கள். எழுந்து நின்றால் உடல் எடை முன்னே போய்விடும், பின்டயருக்குப் பிடி இருக்காது. முழு வலு மலை பைக்குகளில் பெரும்பாலும் 85 நியூட்டன் மீட்டரோ அதற்கு மேலோ முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் வலு) இருக்கும். நம் வகை வண்டிகளில் பெரும்பாலும் 35 முதல் 55 வரைதான். ஈரத்தில் இந்தக் குறைவு நமக்கு நன்மையே: கால் சொல்வதை மோட்டார் மென்மையாகப் பின்தொடர்கிறது.

எந்த டயர், எவ்வளவு காற்று?

வண்டி இடம் கொடுத்தால் 45 மி.மீ. அகல ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயர். 75 கிலோ எடையுள்ளவர் முன்னே 27, பின்னே 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வைத்துத் தொடங்கலாம். அதற்குக் கீழே வெகுதூரம் இறங்க வேண்டாம். இந்த மண்ணில் சிக்கிமுக்கிக் கற்கள் நிறைய. உடைந்த விளிம்பு கத்திபோலக் கூர்மையாக இருக்கும், மழையில் அது வெள்ளைச் சேற்றுக்குள் மறைந்தும் கிடக்கும். பக்கச்சுவர் தடித்த டயரை வாங்குங்கள், எடை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. என்னைக் கேட்டால், கூடுதல் பேட்டரி வாங்கும் பணத்தில் முதலில் நல்ல டயர் வாங்கச் சொல்வேன்.

ஒரே மழைக்காலத்தில் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. ஏன்?

சுண்ணாம்புச் சேற்றில் கலந்திருக்கும் நுண்கல் உப்புத்தாள்போலத் தேய்க்கிறது. ரெசின் பேட் சேற்றில் விரைவில் கரைந்துவிடும். உலோகத்தூள் பேட் சத்தம் போடும், ஆனால் நின்று உழைக்கும். மாற்றுமுன் டிஸ்க்கின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். ரெசின் பேடுக்கு மட்டும் என்று இருந்தால் உலோகத்தூள் பேடைப் போடக்கூடாது. அதே சேறு செயினையும் தின்னும். துடைத்து, உலர்த்தி, எண்ணெய் இடுவதை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

320 வாட்-மணி பேட்டரியில் முழுப் பாதையையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சராசரியாக 100 வாட் எடுத்தாலே சுமார் 3 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சேறு இன்னும் இழுக்கும். ஏற்றங்களில் மட்டும் உதவியைப் போட்டு, வழியில் ஓர் இரவு தங்கிச் சார்ஜ் செய்யுங்கள். குளிர்காலத்தில் பேட்டரியை வெளிக்கொட்டகையில் வைக்காதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் செல்கள் கெட்டுப்போகும்.

இந்தப் பாதையில் மின் பைக்குக்கு அனுமதி உண்டா, ஐயா?

உண்டு. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிடும் வண்டியாக இருந்து, பெடல் மிதித்தால்தான் மோட்டார் ஓடும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது மிதிவண்டிதான். ஓட்டுபவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். குதிரைப் பாதைகளில் நடப்பவர்களுக்கும் குதிரையில் செல்பவர்களுக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்கிறது 1968ஆம் ஆண்டுச் சட்டம். ஈர மண்ணில் நம் வண்டி ஓசையின்றி வரும், குதிரை மிரண்டுவிடும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, உரக்கக் குரல் கொடுத்து, சவாரி செய்பவர் கைகாட்டிய பிறகு கடந்து செல்லுங்கள்.