டேட்டா பொய் சொல்லியிருக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் ‘தி ஆஃப்ஸ்பிரிங்’ என்ற எபிசோடை அண்மையில் பார்த்தேன். விண்கலத்தில் வேலை செய்யும் டேட்டா என்ற ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ எந்திரம், தன்னைப் போலவே ஓர் ஆண்ட்ராய்டை மகளாக உருவாக்குகிறான். லால் என்று பெயர் வைக்கிறான். கடைசியில் அவள் மூளை பழுதாகி இறந்துபோகிறாள். அழுதுவிட்டேன். அப்புறம் யோசித்தபோது ஏமாற்றப்பட்டதாகத் தோன்றியது. டேட்டாவுக்கு உணர்ச்சியே கிடையாது என்று தொடர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மகள் இறந்ததும் அவன் வேலைக்குத் திரும்பிவிடுகிறான். அங்கே இல்லாத துயரத்தை நாம்தானே அவன் முகத்தில் ஏற்றிப் பார்க்கிறோம்? எதையும் உணராத ஒருவன் பிறர் உணர்வைப் புரிந்துகொண்டான் என்று எப்படிச் சொல்வது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஏற்றிப் பார்க்கிறோம் என்பது உண்மைதான். 1966இல் ஜோசப் வைசன்பாம் எலைசா என்றொரு கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே கொஞ்சம் மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். அதனிடம் மனிதர்கள் மனம்விட்டுப் பேசியதைப் பார்த்து அவரே கலங்கிப்போனார். முகமும் குரலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இந்த எபிசோட் நம்முடைய அந்தப் பலவீனத்தை நம்பி எடுக்கப்பட்டதல்ல. லாலின் கடைசிக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். அப்பா மீதான அன்பை அவள் சொல்கிறாள். டேட்டா பல வருடங்களாக மனிதர்களைக் கவனித்து வருபவன். இந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்வான் என்று அவனுக்குத் தெரியாதா? ‘எனக்கும்தான் அம்மா’ என்று ஒரு வார்த்தை போதும். அவள் நிம்மதியாகப் போயிருப்பாள், நாமும் நம்பியிருப்போம். அவன் அதைச் சொல்லவில்லை. உன்னோடு சேர்ந்து என்னாலும் அதை உணர முடிந்தால் நன்றாக இருக்கும் என்கிறான். நம் இருவருக்குமாக நானே உணர்ந்துகொள்கிறேன் என்கிறாள் மகள். சாகப்போகிறவள் இருக்கப்போகிறவனுக்குக் கொடுக்கிறாள். டேட்டா நடித்திருந்தால் இது நடந்தேயிருக்காது. இல்லாததை இல்லை என்று சொன்னதால்தான் அவளால் கொடுக்க முடிந்தது.

உணர்வதும் புரிந்துகொள்வதும் வேறுவேறு என்பதை இந்தக் கதை இரண்டு பேருக்குப் பங்கிட்டுக் காட்டுகிறது. அப்பாவிடமிருந்து தன்னைப் பிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் லாலுக்கு முதன்முதலாகப் பயம் வருகிறது. பயம் முழுதாக இருக்கிறது, இது எப்படித் தனக்கு வந்தது என்பது மட்டும் அவளுக்குப் புரிவதில்லை. டேட்டாவுக்குப் பயமே தெரியாது. ஆனால் இப்போதுதான் உலகத்துக்கு வந்த ஒரு பிள்ளைக்கு யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தெரியும். அவளை எடுத்துச் செல்ல வந்த அட்மிரல் ஹாஃப்டெலிடம், இவளை வளர்ப்பது என் கடமை, இதிலிருந்து என்னை யாராலும் விடுவிக்க முடியாது, நான் இவளுடைய தந்தை என்று வாதாடுகிறான். குரல் உயர்வதில்லை. எனக்கு அந்தப் பேச்சு போதும். நெஞ்சு நிறைய உணர்ச்சி வைத்துக்கொண்டு எதிரே இருப்பவரைக் கவனிக்கவே கவனிக்காத எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்!

ஏமாற்ற நினைத்திருந்தால் அவளைக் காப்பாற்றப் போராடும் காட்சியைத்தான் நீட்டியிருப்பார்கள். தொடரில் ரைக்கர் என்ற பாத்திரத்தில் நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸ் இந்தத் தொடரில் முதன்முதலாக இயக்கியது இந்த எபிசோடைத்தான். அவர் பெரும்பாலான போராட்டத்தை நமக்குக் காட்டவே இல்லை. ஹாஃப்டெல் வெளியே வந்து சொல்கிறார்: ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று விழுகிறது, டேட்டாவின் கைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இயங்குகின்றன. அவளைப் பிரிக்க வந்தவரின் குரல்தான் அங்கே உடைகிறது. டேட்டாவின் முகத்தில் நாம் எதையும் ஏற்றிப் பார்க்க அங்கே அவன் முகமே இல்லை.

வேலைக்குத் திரும்பியதைக் கல்நெஞ்சம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு முன் அவன் செய்ததைப் பாருங்கள். லாலின் நினைவுகளையெல்லாம் தன்னுள் சேர்த்துக்கொண்டுவிட்டான். அழத் தெரியாதவனால் இழப்புக்கு வேறென்ன செய்ய முடியும்? இதே வரிசையில் 1994இல் வந்த திரைப்படத்தில் அவனுக்கு உணர்ச்சிச் சில்லு பொருத்தினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சிரிக்கவும் நடுங்கவும் செய்கிற அந்த டேட்டாவைவிட, தனக்கு இல்லாததைத் தெரிந்துவைத்துக்கொண்டு பழகும் இந்த டேட்டாதான் எனக்கு நெருக்கமானவன்.

முடிந்தால் 1992இல் ஒளிபரப்பான ‘ஹீரோ வொர்ஷிப்’ எபிசோடையும் பாருங்கள். விபத்தில் பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவன், வலி தாங்காமல் டேட்டாவைப் போலவே நடக்கவும் பேசவும் ஆரம்பிக்கிறான். உணர்ச்சி இல்லாதிருப்பதே மேல் என்று நினைக்கும் அவனிடம், இனிப்பின் சுவை தெரியுமென்றால் அவ்வப்போது வருந்தவும் நான் தயார் என்கிறான் டேட்டா. பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் கேள்வி அதன் பிறகும் இதே இடத்தில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.