ஏற்காட்டிலிருந்து டெக்சாஸ் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு

சகோதரி, உங்கள் கேள்வியைப் படித்தேன். சேலம் அம்மாபேட்டையில் வீடு, பையன் ஏற்காட்டில் விடுதியில் தங்கி ஒன்பதாவது முடித்திருக்கிறான், வீட்டுக்காரருக்கு டாலஸ் பக்கம் வேலை, ஜூலை கடைசியில் விமானம் ஏறுவதாக எண்ணம். வாடகை, கார், மளிகை, பையனுக்கு எந்த கிளப், எந்த விளையாட்டு என்று நான்கையும் ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றையும் வீட்டுக்காரரின் ஆபீஸ்காரர்களே சொல்லிவிடுவார்கள். நான்காவதைத்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அதனால் இங்கே டெக்சாஸில் எத்தனை பிள்ளைகள் முதல் வருஷம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் உட்காருவதென்று தெரியாமல் தட்டோடு நிற்கிறார்கள் தெரியுமா? எனக்கு அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை. ஆகவே அதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் ஜூனில் பள்ளி திறக்கும், பி.இ.டி. சார் மைதானத்தில் பார்த்து ஆள் பொறுக்குவார், பிறகு குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று போகும். இங்கே வருஷத்தையே மூன்று சீசனாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அமெரிக்கன் ஃபுட்பால், கிராஸ் கன்ட்ரி ஓட்டம், பெண்களுக்கு வாலிபால். குளிர்காலத்தில் கூடைப்பந்து, மல்யுத்தம், நீச்சல். ஜனவரிக்குப் பிறகு நம் கால்பந்து, தடகளம், பேஸ்பால் எல்லாம். முதல் சீசனுக்கான பயிற்சி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே, பள்ளி திறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். பள்ளி திறந்த பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று இருந்தால், போய் நிற்கும்போது அணி அமைந்து முடிந்திருக்கும். இன்னொன்று, டெக்சாஸில் விளையாட்டு என்பது டைம்டேபிளில் ஒரு பீரியட். சேர்க்கையின்போது பாடங்களைப் போட்டுத்தரும் ஸ்கூல் கவுன்சிலரிடம் "அத்லெடிக்ஸ் பீரியட் வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான உடற்கல்வி கிரெடிட்டும் அதிலேயே கழிந்துவிடும்.

இனி, பெட்டி கட்டும்போதே கவனிக்க வேண்டியது. தடுப்பூசிப் பதிவை டாக்டர் கையெழுத்து, தேதிகளோடு ஆங்கிலத்தில் வாங்குங்கள். சின்னம்மைக்கு இரண்டு டோஸ், ஹெபடைட்டிஸ் ஏ-வுக்கு இரண்டு டோஸ், மெனிங்கோகாக்கல் என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஆகிய மூன்றும்தான் நம் பிள்ளைகளுக்கு வழக்கமாக விட்டுப்போகும். டோஸ்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்பதால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். காசநோய் சோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டும். அதன் பிறகு எக்ஸ்ரே, அலைச்சல்.

விளையாடத் தகுதிச் சான்று தனி. அது யு.ஐ.எல். என்ற அமைப்பின் படிவம். டெக்சாஸில் அரசுப் பள்ளிப் போட்டிகளை நடத்துவது அவர்கள்தான். சேலத்து டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வராதீர்கள். இங்கே வந்து இறங்கிய வாரத்திலேயே உள்ளூர் கிளினிக்கில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் முதல் நாள் பயிற்சியில் நிற்கவே விட மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் வகுப்பு. "இங்கிலீஷ் பழகட்டும், இன்னொரு தரம் ஒன்பதாவதிலேயே போடுங்கள்" என்று நம் ஆட்களில் பலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒன்பதாவதில் முதன்முதலாகச் சேர்ந்ததிலிருந்து நான்கு வருஷம்தான் பள்ளிக்காக ஆட முடியும். ஏற்காட்டில் படித்த ஒன்பதாவதும் அந்தக் கணக்கில் சேரும். மறுபடி ஒன்பதாவதில் உட்கார வைத்தால் பன்னிரண்டாவதில் பிள்ளை கேலரியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். செப்டம்பர் 1-ஆம் தேதி 19 வயது நிறைந்திருந்தாலும் ஆட முடியாது. ஒன்பதாவது மதிப்பெண் பட்டியலைப் பள்ளி முத்திரையோடு கொண்டுவந்து, பத்தாவதில் சேருங்கள். முன்பு படித்த பள்ளியில் என்ன விளையாடினான் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏற்காட்டுப் பள்ளியின் மின்னஞ்சலைக் கையில் வைத்திருங்கள்.

படிப்பைக் கெடுக்குமோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. 1984-லேயே டெக்சாஸில் சட்டம் போட்டுவிட்டார்கள். ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. வீட்டில் கத்துவதைவிட அந்த விதி நன்றாக வேலை செய்யும். விளையாட்டை நிறுத்தினால் மார்க் ஏறும் என்று நினைக்கும் பெற்றோர் இங்கே இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

சரி, எதில் சேர்ப்பது? பையன் வாலிபால் நன்றாக ஆடுவான் என்கிறீர்கள். டெக்சாஸ் பள்ளிகளில் யு.ஐ.எல். வாலிபால் பெண்களுக்கு மட்டும்தான். பேட்மின்டன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கிரிக்கெட்டுக்கு டாலஸ் பக்கம் தனியார் அகாடமிகள் உண்டு, ஆனால் பள்ளியில் கிடையாது, காசும் அதிகம். கூடைப்பந்தும் கால்பந்தும் ஆள் கழித்துத்தான் எடுப்பார்கள். ஆறு வயதிலிருந்து ஆடுகிற பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும்.

என் பதில் கிராஸ் கன்ட்ரி. பெரும்பாலான பள்ளிகளில் அதில் யாரையும் கழிப்பதில்லை, வந்தவனெல்லாம் ஓடலாம். பையன்களுக்கு 5 கிலோமீட்டர், புல்தரையிலும் மேட்டிலும் பள்ளத்திலும். முதன்மை அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும். அதனால் முதலாவதாக வருபவனைவிட ஐந்தாவது ஆளைத்தான் கோச் விரட்டிக்கொண்டே இருப்பார். மெதுவாக ஓடும் பிள்ளைக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. தினமும் பத்துப் பதினைந்து பேர் பேசிக்கொண்டே ஓடுவதால், புதுப் பையனுக்கு இரண்டாவது வாரமே நாலு பேர் பெயர் தெரிந்துவிடும்.

ஏற்காட்டில் இருந்தவனுக்கு நெஞ்சில் தம் இருக்கும். கிட்டத்தட்ட 1,515 மீட்டர் உயரம், ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினாலே ஏற்ற இறக்கம் பழகிவிடும். குறை ஒன்றே, வெயில். டாலஸில் ஆகஸ்டில் 38 டிகிரி சர்வ சாதாரணம். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஆகவே ஜூலையில் அவன் சேலத்துக்கு இறங்கி வந்துவிட வேண்டும். காந்தி ஸ்டேடியம் பக்கமோ வீட்டுப் பக்கமோ, வாரத்தில் நாலு நாள் காலை ஓட்டம். முதல் வாரம் 20 நிமிஷம், ஓட்டமும் நடையுமாக. பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. ஆர்வத்தில் ஒரேயடியாகக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி பிடிக்கும். அது வந்தால் சீசனில் பாதி போய்விடும். ஷூவை மட்டும் நல்லதாக வாங்குங்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு எடுங்கள். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் முதல் மாதம் வேண்டாம்.

பயிற்சியில் தலைசுற்றி உளற ஆரம்பித்தாலோ நடை தள்ளாடினாலோ அது வெயில் தாக்கு. முதலில் பனிக்கட்டித் தண்ணீரில் உடம்பை அமிழ்த்திக் குளிர வைக்க வேண்டும், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு. பயிற்சிக்கு முன்பே தண்ணீர் குடிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். கோச்சிடம் "முடியவில்லை" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைப்பார்கள். அந்த எண்ணத்தை ஊரிலேயே எடுத்துவிடுங்கள்.

கிளப் பற்றிச் சுருக்கமாக. ஒன்று போதும். ரோபாட்டிக்ஸ் என்றால் எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்) போட்டி செப்டம்பரில் தொடங்கும், ரோபாட் 18 அங்குலப் பெட்டிக்குள் அடங்கி ஆரம்பிக்க வேண்டும், வேலை இரவு வரை இழுக்கும். சயன்ஸ் ஒலிம்பியாட் அணியில் 15 பேர், 23 போட்டிகள். எனக்குப் பிடித்தது யு.ஐ.எல். நம்பர் சென்ஸ்: 10 நிமிஷத்தில் 80 கணக்கு, தாளில் போட்டுப் பார்க்கக் கூடாது, எழுதிய விடையை அழிக்கக் கூடாது. வாய்ப்பாடு படித்து வளர்ந்த பிள்ளைக்கு அதில் நல்ல பிடிமானம் கிடைக்கும். காமன் ஆப் என்ற பொதுக் கல்லூரி விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், பத்தையும் நிரப்ப பிள்ளையைத் துரத்துகிறவர்கள் நம்மவர்களில் அதிகம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துக்குறிதான் இடம். மூன்று வருஷம் ஓடினேன், கடைசி வருஷம் அணித்தலைவன் என்பது அதில் அழகாக அடங்கும்.

பிள்ளை ஒருவர் கண்ணில் படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சேலத்துக்காரருக்குச் சொல்லாமலே புரிய வேண்டும். பெரியவடகம்பட்டி மாரியப்பனைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கண்டு உயரம் தாண்ட ஊக்குவித்தார், 2016-ல் ரியோ பாராலிம்பிக்ஸில் தங்கம் வந்தது. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி ஆடித்தான் இந்திய அணி வரை போனார். நம் மண்ணில் யாராவது ஒருவர் கண்ணில் பட்டால் கைப்பிடித்துக் கூட்டிப்போவார்கள். அந்த மாவட்டப் போட்டி நாட்களில் புழுதியும் விசிலும் தண்ணீர்ப் பந்தலுமாக ஸ்டேடியம் இருக்கும் இருப்பு இங்கே எந்தப் பளபளப்பான மைதானத்திலும் இல்லை. ஆனால் இங்கே யாரும் தேடி வந்து பொறுக்க மாட்டார்கள். நீங்கள்தான் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும்.

ஆகையால் பள்ளி எதுவென்று முடிவானதும், ஜூன் மாதமே கிராஸ் கன்ட்ரி கோச்சுக்குப் பையனையே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். கோச் முகவரி பள்ளி இணையதளத்தில் இருக்கும். பெயர், பத்தாம் வகுப்பு, எந்தத் தேதி வந்து சேர்கிறான், இப்போது வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறான், ஆகஸ்ட் பயிற்சி எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, இவ்வளவு போதும். பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பள்ளிப் பேருந்து உண்டா என்பதையும் அதிலேயே கேட்கட்டும். ஒரே கார் உள்ள வீட்டில் முதல் மாதச் சண்டையெல்லாம் அதனால்தான் வரும். டிக்கெட்டை இன்னும் போடவில்லை என்றால் ஜூலை 20-க்குள் வந்து இறங்குகிற மாதிரி போடுங்கள்.