கொடைக்கானல் கேம்பிங்குக்கு எத்தனை லூமென்ஸ் டார்ச் வாங்கலாம்?

கொடைக்கானல் பக்கம் ரெண்டு நாள் கேம்பிங், எத்தனை லூமென்ஸ், அதாவது எவ்வளவு வெளிச்சம், பாக்கணும்னு கேட்டிருக்கீங்க. லூமென்ஸ அப்புறம் பாருங்க, கம்மி வெளிச்சத்துல எத்தனை மணி நேரம் எரியும்னு முதல்ல பாருங்க.

நான் காரைக்குடி. தைப்பூசத்துக்கு குன்றக்குடில இருந்து பழனிக்கு பாதயாத்திரை போறவன், வெயிலுக்கு முன்னாடி தூரத்தைக் கடக்கணும்னு இருட்டோட கிளம்பிருவோம். ஒரு வருஷம் சந்தைல வாங்குன ஜூம் டார்ச் கொண்டு போனேன், அடிச்சா கண்மாய்க்கு அக்கரைல நிக்கிற பனைமரம் தெரியும், ஆனா சிங்கம்புணரி தாண்டுனதும் மங்கி மங்கி அணைஞ்சே போச்சு. பேட்டரிய உருவிப் பாத்தா 9900 எம்ஏஹெச்னு போட்டிருக்கு, பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு அது. அந்த பேட்டரி 18650 சைஸ், 18 மில்லிமீட்டர் கனம், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த சைஸ்ல நல்ல பேட்டரியே 3500 கிட்டதான் தரும். 9900னு எழுதிருந்தா தொடாதீங்க.

இப்ப நான் எடுத்துட்டுப் போறது ஹெட்லேம்ப். பிரான்மலைல பாறையப் பிடிச்சு ஏறும்போது ரெண்டு கையும் வேணும்ல. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன், வெளிச்சம் நெத்தில இருந்து வர்றதால கல்லோட நிழல் கண்ணுக்குத் தெரியாது, பள்ளம் கூட சமதரை மாதிரி இருக்கும். அதுனால மோசமான பாதைல கழட்டி இடுப்பு உயரத்துல பிடிச்சுக்குவேன், சின்னக் கல்லு கூட நீளமா நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துரும். ராத்திரில கட்டுவிரியன் நடமாடும், காலடி தெரியறதுதான் முக்கியம்.

நடக்க 100, 150 லூமென்ஸ் தாராளம், டென்டுக்குள்ள 5, 10 போதும், வழி தேட மட்டும் கொஞ்ச நேரத்துக்கு 300 இருந்தா நல்லது. டப்பால 50 மணி நேரம்னு போட்டிருப்பாங்க, வெளிச்சம் பத்துல ஒரு பங்கா குறையற வரைக்கும் அதுல கணக்கு, பாதியப் போட்டுக்கோங்க. சிவப்பு லைட்டும் இருக்கட்டும், இருட்டுக்குப் பழகுன கண்ணு கெடாது, பக்கத்துல தூங்குறவங்களுக்கும் தொந்தரவு இல்ல. தண்ணி தாங்குறதுக்கான குறியீடு ஐபிஎக்ஸ்4னு இருந்தா மழைச் சாரலுக்குப் போதும். பைக்குள்ள தானா எரியாம இருக்க பேட்டரி மூடிய லேசா தளர்த்தி வைங்க.

திரும்பி வந்ததும் பேட்டரிய மறக்காம கழட்டிருங்க. எங்க அப்பச்சியோட பித்தளை டார்ச்சுல பேட்டரி உள்ளயே ஒழுகி, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்து, இன்னைக்கு வரைக்கும் பின்மூடிய திருக முடியல.