‘ஐ வாஸ் சிக்’ என்றால் காய்ச்சல் இல்லை, தங்கச்சி

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “நர்சிங் முடித்து, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யும் பாஸாகிவிட்டேன். அடுத்த மாதம் இங்கிலாந்தில் முதியோர் வார்டில் வேலைக்குச் சேர வேண்டும். வீடியோ நேர்காணலில் அவர்கள் பேசியதில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான், சேர்த்துப் பேசும்போதுதான் பிடிபடவில்லை. ராமநாதபுரத்தில் ஆங்கில மரபுத்தொடர் புத்தகம் ஒன்று வாங்கி மனப்பாடம் செய்கிறேன். போதுமா?”

அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள், தங்கச்சி. ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ அதில் கட்டாயம் இருக்கும். நான் இருக்கும் இங்கிலாந்தில் மழை கொட்டும்போது பூனையையும் நாயையும் இழுப்பவர்கள் குறைவு, ‘சக்கிங் இட் டவுன்’ என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கு இருப்பது ஒரு மாதம். நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொற்களில் தொடங்குங்கள். மற்றதில் பிசகினால் சிரித்துவிட்டுப் போகலாம், இதில் பிசகினால் ஓர் உயிருக்கு ஆகாது.

முதல் சொல் ‘சிக்’. நமக்கு அது லீவ் லெட்டரில் எழுதும் சொல், உடம்பு சரியில்லை என்று பொருள். இங்கே ஒரு பாட்டி ‘ஐ வாஸ் சிக் ட்வைஸ் இன் த நைட்’ என்றால் இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தார் என்று அர்த்தம். ‘ஐ ஃபீல் சிக்’ என்றால் இப்போது குமட்டுகிறது. உடனே கிண்ணத்தைக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். எத்தனை முறை, எவ்வளவு, என்ன நிறம் என்று கேளுங்கள். பச்சையாகவோ, ரத்தமாகவோ, காப்பித்தூள் கரைத்த மாதிரியோ இருந்தால் டாக்டருக்கு அப்போதே சொல்ல வேண்டும். ‘காய்ச்சல்போல் இருக்கிறதாம்’ என்று நினைத்து வெப்பமானியோடு நின்றுவிட்டால் இது அத்தனையும் தவறிப்போகும். பொதுவாக உடம்புக்கு முடியவில்லை என்பதற்கு ‘புவர்லி’, ‘அண்டர் த வெதர்’, ‘ஆஃப் கலர்’ என்பார்கள்.

அடுத்தது ‘ஃபன்னி டர்ன்’. இதில் வேடிக்கை எதுவும் இல்லை. ‘ஷி ஹேட் எ ஃபன்னி டர்ன்’ என்று மகள் சொன்னால் அம்மாவுக்குத் திடீரென்று ஏதோ செய்திருக்கிறது. கிறுகிறுப்பாக இருக்கலாம், சில நொடி நினைவு தப்பியிருக்கலாம், பேச்சு குழறியிருக்கலாம். சொல் ஒன்றுதான், பின்னால் சர்க்கரை இறங்கியதிலிருந்து பக்கவாதத்தின் முன்னோட்டம்வரை எதுவும் நிற்கலாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், விழுந்தாரா, முகம் ஒரு பக்கம் கோணியதா, ஒரு கை தளர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே ரத்த அழுத்தம், நாடி, சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

கழிப்பறைப் பேச்சை வயதானவர்கள் நேராகப் பேச மாட்டார்கள், நம்ம ஊர்ப் பெரியவர்கள் ‘வெளிக்கு’, ‘கொல்லைக்கு’ என்பதைப் போலத்தான். ‘ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி’ என்று கேட்டால் காசு தேடாதீர்கள். முன்பு இந்த நாட்டுப் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் பூட்டுத் திறக்கும், அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு. அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிறார். தாமதித்தால் தானே எழுந்து நடந்து விழுவார், முதியோர் வார்டில் நோயாளிகள் விழும் வழிகளில் இதுவும் ஒன்று. ‘ட்ரபிள் வித் மை வாட்டர்வொர்க்ஸ்’ என்றால் குடிநீர் வாரியத்துச் சமாச்சாரம் இல்லை, சிறுநீர்ப் பாதையில் தொந்தரவு. எரிகிறதா, அடிக்கடி போகிறதா, அடைக்கிறதா என்று கேளுங்கள். ‘பங்டு அப்’ என்றால் மலச்சிக்கல், மூக்கடைப்புக்கும் அதே சொல், எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ‘த ரன்ஸ்’ வயிற்றுப்போக்கு. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ் டுடே?’, இன்று மலம் கழித்தீர்களா என்று பொருள். வார்டில் தினமும் கேட்பது இதுதான், கூச்சப்படாமல் சொல்லிப் பழகுங்கள்.

‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்றால் மரமரப்பு. ‘ஐ வாஸ் இன் ஸ்டிட்சஸ்’ என்றால் தையல் போட்டார்கள் என்று குறித்துவிடாதீர்கள், விழுந்து விழுந்து சிரித்தாராம். ‘ரெட் ஃப்ளாக்’ என்பதைப் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டோடு சேர்த்து நினைவில் வையுங்கள். கடல் அமைதியாகத் தெரிந்தாலும் கூண்டு ஏறிவிட்டால் படகு போகக்கூடாது. அதுபோல வெறும் முதுகுவலி என்று வந்தவர் தொடையிடுக்கு மரத்திருக்கிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால் அது ரெட் ஃப்ளாக், காத்திருக்கக்கூடாது.

இவர்கள் குறைத்துச் சொல்லும் பழக்கம் சொற்களைவிடப் பெரிய கண்ணி. ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’ என்றால் ‘குறை சொல்லக்கூடாது’. நம்ம ஊர்க் கிழவி ‘ஏதோ இருக்கேன் தாயி’ என்பது மாதிரி. அதை நலம் என்று எழுதாதீர்கள். ‘எ பிட் சோர்’ என்று சொல்பவருக்கு இடுப்பெலும்பே முறிந்திருக்கலாம். 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேளுங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, புரளும்போது ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்.

ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில் பேச்சு வேகமாக ஓடும். ‘டச் அண்ட் கோ’ என்றால் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்ல முடியாத நிலை. ‘நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ்’ என்றால் கண்டம் இன்னும் தாண்டவில்லை. ‘ஆன் த மெண்ட்’ என்றால் தேறிவருகிறார். ‘வி லாஸ்ட் ஹிம் அட் ஃபோர்’ என்றால் ஆள் காணாமல் போகவில்லை, 4 மணிக்குத் தவறிவிட்டார். குடும்பத்தாரிடம் நீங்கள் பேசும்போது மட்டும் இந்த மறைப்பு வேண்டாம். ‘டைட்’, அதாவது இறந்துவிட்டார் என்று தெளிவாகச் சொல்லத்தான் இங்கே பயிற்சி கொடுக்கிறார்கள், அரைகுறையாகப் புரிந்து நம்பிக்கொண்டு நிற்பது கொடுமை. ‘ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்’ கிரிக்கெட்டிலிருந்து வந்தது, நிறைவாக வாழ்ந்து முடித்தார் என்று பொருள். அதைப் பிள்ளைகள் சொல்லலாம். நாம் சொல்லக்கூடாது. இன்னொன்று, இரவு ஷிஃப்டில் ‘குவைட்’ என்ற சொல்லை எடுக்காதீர்கள். சொன்னால் வேலை கொட்டும் என்று நர்ஸ்களிடையே ஒரு நம்பிக்கை. கடலுக்குப் புறப்படுகிறவரிடம் ‘எங்கே போறீங்க’ என்று கேட்காத ஊரில் பிறந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாய்மரக் காலத்து மாலுமிகளின் பேச்சு இந்த மொழியில் நிறையத் தங்கியிருக்கிறது. புத்தகம் எழுதியவருக்குத் தெரியாத விளக்கம் உங்கள் வீட்டுத் தாத்தாவுக்குத் தெரியும். விழுந்து அடிபட்டு வந்தவரைப் பற்றி மனைவி ‘ஹி வாஸ் த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ என்பார். ஷீட் என்றதும் படுக்கை விரிப்பு ஞாபகம் வரும், பாய்த்துணியோ என்றும் தோன்றும். இரண்டும் இல்லை. பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு அது, நம்ம தாமான். தாமான் கைநழுவினால் பாய் படபடவென்று அடிக்கும், காற்று பிடிபடாது, வள்ளம் இப்படியும் அப்படியும் தள்ளாடும். மூன்று தாமானும் நழுவிவிட்டன என்றால் ஆள் நல்ல போதை. தலையில் அடிபட்டவருக்கு இது முக்கியமான தகவல். எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார் என்று கேட்டு எழுதுங்கள். போதையால் உளறுகிறாரா, மூளைக்குள் ரத்தக் கசிவால் உளறுகிறாரா என்று பார்வைக்குத் தெரியாது.

‘டேக்கன் அபேக்’ என்றால் திடுக்கிட்டுப்போவது. பின்னாலிருந்து தள்ள வேண்டிய காற்று பாயின் முன்புறம் அடித்து, பாய் மரத்தோடு ஒட்டி, ஓட்டம் சட்டென்று நின்றுபோகும் நிலை அது. ‘ஆன் அன் ஈவன் கீல்’, படகின் அடிமரமான ஏராக்கட்டை சாயாமல் நேராக ஓடுவது. நோயாளி நிலையாக இருக்கிறார் என்று கொள்ளுங்கள். ‘லேர்ன் த ரோப்ஸ்’ என்பது எந்தக் கயிறு எதற்கு என்று பழகுவது. நேர்காணலில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், முதல் சில வாரம் வேலை பழகலாம் என்கிறார்கள். ‘ஆல் அட் சீ’யில்தான் நம்ம கரைக்காரர்கள் தடுக்குவோம். ‘அப்பா கடல்ல இருக்காரு’ என்றால் நமக்கு அவர் தொழிலில் இருக்கிறார், கவலையில்லை. இங்கே அது திக்குத் தெரியாமல் குழம்பி நிற்பது. நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் ‘ஐ’ம் ஆல் அட் சீ’ என்றாலோ, அப்படி நடந்துகொண்டாலோ அது புதிதாக வந்த குழப்பம். நோயாளி நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்க இங்கே பயன்படுத்தும் நியூஸ்2 அட்டவணையில் அதற்கு மட்டுமே 3 புள்ளி. தொற்று, நீர்வறட்சி, மருந்து, மலச்சிக்கல் என்று காரணம் தேட வேண்டும்.

தமிழே நம்மைத் தவறாக இழுக்கும் இடமும் உண்டு. ‘ஐ’ம் புல்லிங் யுவர் லெக்’ என்றால் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றுதான். காலை வாரிவிடுவது அதில் இல்லை, மனம் நோகாதீர்கள். ‘புல் யுவர் சாக்ஸ் அப்’ என்றால் காலுறையைப் பார்க்க வேண்டாம், வேலை போதவில்லை, சுறுசுறுப்பு வேண்டும் என்ற கண்டிப்பு. ‘கேன் ஐ ஹேவ் எ வேர்ட்?’ என்று பொறுப்பாளர் கேட்டால் தனியாக ஏதோ பேச வேண்டும், நல்ல செய்தியாக இருப்பது குறைவு. ‘யூ மைட் வான்ட் டு செக் தட்’ என்பது விருப்பம் கேட்பதாகத் தோன்றும். கட்டளைதான், அப்போதே செய்யுங்கள். ‘ஹாஃப் செவன்’ மட்டும் தமிழோடு அப்படியே பொருந்தும்: ஏழரை.

நாம் கொண்டுபோகும் ஆங்கிலத்திலும் சிலவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ‘ஐ ஹேவ் எ டவுட், டாக்டர்’ என்றால் டாக்டரின் முடிவை நீங்கள் நம்பவில்லை என்று தொனிக்கும், ‘கொஸ்டின்’ என்று சொல்லுங்கள். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2021’ என்றால் அந்த ஆண்டு மயங்கி விழுந்தீர்கள் என்று கேட்கும், ‘கிராஜுவேட்டட்’ போதும். ‘டூ த நீட்ஃபுல்’ என்று எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்றே புரியாது, வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

புரியாதபோது தலையாட்டாதீர்கள். நம்ம தலையசைப்பு ஆமாவா இல்லையா என்று இவர்களுக்குத் தெரியாது, ஆமாம் என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். புரியாத துண்டை மட்டும் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: ‘சாரி, ஃபன்னி டர்ன், வாட் டிட் யூ நோட்டிஸ்?’ முழுதும் புரியவில்லை என்பதைவிட இதற்குத் தெளிவான பதில் வரும். குறிப்பேட்டில் நோயாளியின் சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, நீங்கள் கேட்டறிந்ததைக் கீழே நேர்ச்சொல்லில் எழுதுங்கள். மரபுத்தொடரை நீங்களாகப் பேச அவசரம் வேண்டாம். ஒரே தொடரை மூன்று பேர் வாயில், மூன்று இடத்தில் கேட்டபின் எடுத்தால் தப்பாது.

ஊருக்கு ஊர் கூப்பிடும் சொல்லும் மாறும். யார்க்‌ஷயரில் ‘லவ்’, டெர்பி பக்கம் ‘டக்’, நியூகாசிலில் ‘பெட்’. தப்பாக எடுக்க வேண்டாம், முன்பின் தெரியாத பெண்ணை நம்ம பக்கம் ‘ஆத்தா’, ‘தாயி’ என்பதுபோல்தான். அப்படிக் கூப்பிட்ட கையோடு ‘ஐ குட் மர்டர் எ கப் ஆஃப் டீ, லவ்’ என்பார்கள். கொலை ஒன்றும் இல்லை, டீ குடிக்க உயிர் துடிக்கிறதாம். ஊற்றிக் கொடுக்குமுன் தலைமாட்டில் ‘நில் பை மவுத்’, அதாவது வாய்வழி எதுவும் தரக்கூடாது என்ற பலகை இருக்கிறதா, விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கெட்டியாக்கித் தரச் சொல்லியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.