பழைய கணினிகளை இணையத்தில் விற்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (சென்னை): ஐயா, மறைந்த என் தந்தை சேர்த்த 1980களின் கணினிகள், அதாவது பிபிசி மைக்ரோ ஒன்று, கமடோர் 64 இரண்டு, ஐபிஎம் பிசி எக்ஸ்டி ஒன்று பரணில் இருக்கின்றன. விற்பனைக்குப் போடும் முன் இயக்கிப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து எதையும் பிளக்கில் செருகாதீர்கள். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக ரிஃபா நிறுவனத்தின் காகித மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். தேன் நிறத்தில் கண்ணாடி போலிருக்கும் அவற்றின் உறையில் காலப்போக்கில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, அவற்றின் வழியே ஈரம் உள்ளே புகுந்துவிடும். அதன் பிறகு சுவிட்சைப் போட்டால் சில நிமிடங்களில் அவை வெடித்து அறை முழுவதும் புகை நிறையும். நல்லவேளையாக, அதனால் கணினியின் மின்சுற்றுப் பலகைக்குப் பெரும்பாலும் சேதம் வருவதில்லை.

கமடோர் 64இன் கதை வேறு. 1982இல் வந்த அந்தக் கணினியின் பவர் சப்ளையைப் பிசின் ஊற்றி மூடிவிட்டிருப்பதால் அதைத் திறந்து பழுதுபார்க்க வழியில்லை. அதன் ஐந்து வோல்ட் சீராக்கி கெட்டுப்போனால் மின்னழுத்தம் ஏறி, நல்ல நிலையிலிருந்த ரேம் சிப்புகள் எரிந்துபோகும். இத்தனை ஆண்டுகள் பரணில் பத்திரமாக இருந்த கணினியை ஒரே ஒரு சோதனையில் இழந்தவர்களை எனக்குத் தெரியும். விவரம் தெரிந்தவர் மல்டிமீட்டரில் அளந்து பார்க்கட்டும். அதுவரை ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதி, உட்புறத்தின் தெளிவான படங்களைப் போடுங்கள். அனுபவமுள்ள சேகரிப்பாளர் அந்த நேர்மையை மதித்து வாங்குவார்.

இன்னொன்று: பள்ளிகளில் கணினி கற்பிக்க இந்திய அரசு 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் கீழ் பிபிசி மைக்ரோக்கள் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தன. உங்களுடைய கணினி அப்படி வந்ததாக இருந்தால், பள்ளியின் முத்திரையையோ சொத்து எண்ணையோ சுரண்டி எடுத்துவிடாதீர்கள். அந்தக் கணினியின் வரலாற்றுக்கு அதுவே சான்று.

கேள்வி (லண்டன்): எந்த விலை வைப்பது?

பதில்: ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை எதையும் நிரூபிக்காது. வாங்கியவர் கொடுத்த விலையே சந்தை விலை.

கேள்வி (திருச்சி): என் அமிகா 500 பிளஸுக்கு என்ன விலை போகும்?

பதில்: விலையைப் பற்றி லண்டன் வாசகருக்குச் சொன்ன பதிலையே பாருங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது: பலகையில் சால்டர் செய்த வார்ட்டா பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சை பூத்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கசிந்திருந்தால் விவரம் தெரிந்தவரிடம் பேட்டரியை உடனே அகற்றச் சொல்லி, அந்த இடத்தை அருகிலிருந்து படமெடுத்து விளம்பரத்தில் சேருங்கள். மறுபடியும் சொல்கிறேன், அதற்கு முன் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மதுரை): ஒருவர் என் எக்ஸ்டியின் விசைப்பலகையை மட்டும் கேட்கிறார். முழுக் கணினிக்குச் சொன்னதைவிட அதிகம் தருகிறாராம். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அது 83 விசைகள் கொண்ட ‘மாடல் எஃப்’. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் மடங்கி எழும் அந்த அழுத்தத்துக்காகவே இன்று பலர் அதைத் தேடி அலைகிறார்கள். அதைப் பிரித்துவிட்டால் 1983ஆம் ஆண்டுக் கணினி ஒன்று ஊமையாகிவிடும். எக்ஸ்டிக்குப் பிறகு 1984இல் ஐபிஎம் கொண்டுவந்த ‘ஏடி’ கணினியின் விசைப்பலகைக்கும் அதே ஐந்து முனை பிளக் என்றாலும் சமிக்ஞை முறை வேறு என்பதால், அதைச் செருகினாலும் எக்ஸ்டிக்குப் புரியாது. விசைப்பலகை இல்லாமல் இயக்கினால் திரையில் 301 என்ற பிழை எண்தான் வரும். அதைப் பார்த்த பிறகு யார் வாங்குவார்?

மறுப்பு (பெங்களூரு): நான் உடன்படவில்லை. கனமான எக்ஸ்டியை அனுப்ப ஆகும் கூரியர் செலவே விலையைத் தாண்டிவிடுகிறது. விசைப்பலகையாவது தினமும் பயன்படுத்துகிற ஒருவர் கைக்குப் போகிறதே! எக்ஸ்டிக்கு இன்றைய விசைப்பலகையை இணைக்கும் மாற்றிகளும் கிடைக்கின்றனவே.

பதில்: மாற்றி கிடைப்பது உண்மை, கூரியர் செலவைப் பற்றிச் சொன்னதும் உண்மை. ஆனால் அதற்கு வழி உள்ளூரில் நேரில் விற்பதே, பிரித்துப்போடுவது அல்ல. அதே விசைப்பலகைக்கும் இன்றைய கணினியோடு இணைக்கும் மாற்றி கிடைக்கிறது என்பதால், அதை விரும்புகிறவர் முழுக் கணினியையும் வாங்கிப் பராமரித்தபடியே தட்டச்சு செய்யலாமே. ஒரு தொகுப்பு ஒருமுறை பிரிந்துவிட்டால், அதே காலத்து இணையைத் தேடிச் சேர்ப்பதற்குள் சேகரிப்பாளர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மறுப்பு (டொரான்டோ): உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையே அரித்துப்போன எக்ஸ்டி என்றால்?

பதில்: அப்போது பிரிக்கலாம்; இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஓடக்கூடிய கணினியைப் பிரிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேள்வி (ஈரோடு): நாள்பட்டு மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் உறையைப் பெராக்சைடு போட்டு வெளுக்கலாமா?

பதில்: வேண்டாம். சீராகப் படியாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். அந்த முடிவை வாங்குபவருக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி (சேலம்): வாங்குவதாகச் சொன்னவர் கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின்னைப் போட்டால் எனக்குப் பணம் வரும் என்கிறார்.

பதில்: மோசடி. பணம் பெற யுபிஐ பின் எண்ணைப் போடத் தேவையே இல்லை.

கேள்வி (வேலூர்): பென்டியம் 4 என்ன விலை போகும்?

பதில்: விலைக் கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது, இனி வருபவற்றுக்குத் தனியாகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): மானிட்டரையும் ஹார்ட் டிஸ்க்கையும் எப்படிப் பொதிவது?

பதில்: படக்குழாய் மானிட்டரைக் கூரியரில் அனுப்பாதீர்கள், பின்புறமுள்ள குழாயின் கழுத்து ஒரே அதிர்ச்சியில் முறிந்துவிடும். வாங்குபவர் நேரில் வந்து எடுத்துப்போகட்டும். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் படிப்புமுனை தானாக ஒதுங்காது. ஆகவே பவர் சப்ளையைச் சரிபார்த்து இயக்கிய பின், கடைசியாக அந்த முனையை ஓரமாக ஒதுக்கி நிறுத்தும் ‘பார்க்’ நிரலை ஓட்டி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூட்டைகட்டுங்கள். அதில் உங்கள் குடும்பத்தின் கடிதங்களோ கணக்குகளோ இருந்தால் அதற்கு முன்பே நகலெடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள்.