உண்ணிக்கு எச்சில்தான் சிறுநீர்: கேள்வி பதில்

கேள்வி: பெண் உண்ணியின் எடை நூறு மடங்கு கூடுகிறது என்கிறார்கள். குடித்த ரத்தமும் அவ்வளவுதானா?

பதில்: அதைவிட அதிகம். ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். உள்ளே போன தண்ணீரிலும் உப்பிலும் ஏறக்குறைய 70 விழுக்காட்டைக் கடித்த இடத்திலேயே எச்சிலாகத் துப்பிவிடுகிறது கடின உண்ணி (முதுகில் கெட்டித் தகடு உள்ள வகை). குடல் சுவரைக் கடந்து உடற்குழி நீர், அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பி: இதுதான் தண்ணீரின் பாதை. புரதம் குடலிலேயே செறிந்து நிற்கும். கழிவு நீக்கும் மால்பீஜியன் குழாய்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் வேலை முக்கியமாகக் குவானின் என்ற நைட்ரஜன் கழிவை வெளியேற்றுவது.

கேள்வி: குடிப்பதும் துப்புவதும் ஒரே குழாய் என்றால் இரண்டும் கலந்துவிடாதா ஐயா?

பதில்: மாற்றி மாற்றித்தான் செய்கிறது. தொண்டைத் தசை விரிந்தால் ரத்தம் ஏறும். தொண்டை வாய் மூடியிருக்கும்போது எச்சில் இறங்கும். நோய்க்கிருமிக்கும் அந்த எச்சிலே வாகனம்.

கேள்வி: எச்சில் சுரக்க வைக்கும் பைலோகார்பின் மருந்தை ஊசியில் போட்டால் உயிருள்ள உண்ணி எச்சில் விடுகிறது. பிரித்தெடுத்த சுரப்பியில் அதே மருந்து வேலை செய்யவில்லை. மருந்து கெட்டுவிட்டதா?

பதில்: மருந்து நன்றாகவே இருக்கும். பைலோகார்பின் நரம்பு மண்டலம் வழியாக வேலை செய்வது. நரம்பை அறுத்த பிறகு யாரிடம் போய்ச் சொல்லும்? சுரப்பியை நேரே தூண்டுவது டோபமின் என்ற நரம்புச் செய்திப்பொருள். 10 மைக்ரோமோலார் போதும். கரைசலை அன்றன்று தயாரியுங்கள், ஆக்சிஜன் பட்டால் வீணாகிவிடும். ஊவாபெயின் என்ற நச்சைச் சேர்த்தால் செல்களின் சோடியம் பம்பு முடங்கிச் சுரப்பு நிற்கும். கட்டுப்பாட்டுச் சோதனைக்கு நல்லது. இன்னொன்று: பாதி உண்ட உண்ணியையே எடுங்கள். பசித்த உண்ணியின் சுரப்பி இன்னும் வளர்ந்திருக்காது. வயிறு நிரம்பி உதிர்ந்ததிலோ, எக்டைசோன் வகை ஹார்மோன் சில நாளிலேயே சுரப்பியைச் சிதைத்துவிடும்.

கேள்வி: கெட்டித் தகடு இல்லாத மென் உண்ணியும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அது நிமிடக்கணக்கில் உண்டு முடிப்பது. முதல் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் இடையே அடியில் திறக்கும் காக்சல் சுரப்பி தண்ணீரை வடிகட்டி வெளியே விடும். கால் இடுக்கில் தெளிந்த துளி கோப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேள்வி: ஜாடியில் வளர்க்கும் பசித்த கடின உண்ணிகள் வற்றிச் சாகின்றன. தண்ணீர் வைக்கலாமா?

பதில்: தண்ணீர் வேண்டாம், ஈரக்காற்று கொடுங்கள். எச்சில் சுரப்பி உப்புச் செறிந்த திரவத்தை வாயுறுப்பில் பூசும். அது காற்றின் ஈரத்தை இழுத்ததும் உண்ணி விழுங்கிக்கொள்ளும். பல இனங்களுக்குக் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இது பலிக்காது. மூடிய ஜாடியின் அடியில் பொட்டாசியம் நைட்ரேட்டின் நிறைசெறிவுக் கரைசல் வைத்தால் 25 டிகிரியில் ஏறக்குறைய 93 விழுக்காடு நிற்கும். சுவரில் நீர்த்துளி கட்டினால் பூஞ்சை வரும். வெப்பநிலை ஏறி இறங்காமல் பாருங்கள்.