இரவில் மட்டும் படம் போகும் கேமரா: மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எட்டு கேமரா, படத்தைப் பதிவுசெய்யும் ஒரு டி.வி.ஆர். பெட்டி. பின்பக்க கோடவுனில் உள்ள இரண்டு கேமரா மட்டும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் 'வீடியோ லாஸ்' (படம் வரவில்லை) என்று காட்டுகிறது, விடிந்ததும் தானாக வந்துவிடுகிறது. மாட்டியவரோ, "இரண்டும் போச்சு, புதுசு போடணும்" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கெட்டுப்போன கேமரா விடிந்ததும் தானாகச் சரியாவது அரிது.

இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள சிவப்பு எல்.இ.டி.கள் எரியத் தொடங்கும். அப்போது அது இழுக்கும் கரன்ட் பகலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மெல்லிய வயர் கோடவுன்வரை ஐம்பது அறுபது மீட்டர் ஓடும்போது, பவர் சப்ளை பெட்டியில் கிளம்பிய 12 வோல்ட் கேமராவுக்குப் போய்ச் சேரும்போது 9 ஆகிவிடும். கேமரா அணைந்து அணைந்து எரியும். எட்டும் சேர்ந்து போனால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். தூரத்தில் உள்ள இரண்டு மட்டும் போகிறது என்றால் பெரும்பாலும் வயர்தான்.

உறுதிசெய்ய, அந்தக் கேமராவைக் கழற்றி டி.வி.ஆர். பக்கத்திலேயே ஒரு மீட்டர் வயரில் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். படம் போகாமல் இருந்தால் கேமரா நல்ல கேமரா. மல்டிமீட்டர் உள்ளவர் வந்தால் ராத்திரியில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, கேமராவுக்குப் பவர் கொடுக்கும் டி.சி. பின்னின் இரண்டு திருகிலும் முனையை வைத்து அளக்கச் சொல்லுங்கள். கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 என்றே காட்டும். கரன்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் குறையாது. "சப்ளை சரியா இருக்கு, கேமராதான் போச்சு" என்று பில் போடுவது இந்த 12-ஐக் காட்டித்தான்.

மாட்டிய புதிதில் நன்றாக ஓடியதே என்பீர்கள். 'காப்பர் வயர்' என்று விற்கப்படும் கேமரா வயரில் பல, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. சில சுருளில் பொடி எழுத்தில் 'சி.சி.ஏ.' என்று இருக்கும். செம்பைவிட இது வோல்டேஜை அதிகம் தின்னும். ஒரு மழைக்காலம் போனால் இணைப்பில் வெள்ளைப் பொடி பூத்து இன்னும் மோசமாகும். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். வீட்டு வயரிங் செய்யக் கம்பியாளர் உரிமம் கேட்கும் ஊரில், கேமரா மாட்ட ஏணியும் டிரில்லிங் மெஷினும் போதும். 2025 ஏப்ரலிலிருந்து விற்கும் கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று அரசு சொல்லிவிட்டது. கேமராவுக்குப் போகும் கம்பியைச் சுரண்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்த விதியைச் சொல்லி, "பழைய கேமரா இனி செல்லாது" என்று மிரட்டுகிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். விதி விற்பனைக்கு. சுவரில் ஏற்கெனவே இருப்பதைக் கழற்றச் சொல்லவில்லை.

சரிசெய்ய, முதலில் இரு முனையிலும் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புது டி.சி. பின் போடச் சொல்லுங்கள். போதவில்லை என்றால், 3+1 வயரில் (மூன்று பவர் இழை, ஒரு வீடியோ வயர்) சும்மா கிடக்கும் மூன்றாவது இழையை இரு முனையிலும் நெகட்டிவோடு சேர்த்து முறுக்கலாம். இழப்பு கால்பங்கு குறையும். அதற்கும் மசியாவிட்டால் கோடவுனிலேயே கேமராவுக்கு ஒன்றாக 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், மழை படாத பெட்டியில். அதற்கான லைனை டி.வி.ஆர். ஓடும் அதே இன்வெர்ட்டரிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் கரன்ட் போகும் நேரத்தில் கோடவுன் இருட்டு.

லேன் (நெட்வொர்க்) வயரிலேயே பவர் வாங்கும் ஐ.பி. கேமராவுக்கு இந்தத் தொல்லை குறைவு. உங்களுக்கு அது இல்லை, ஆனாலும் "ஐ.பி.க்கு மாறிடுங்க" என்று அடுத்து சொல்வார்கள் என்பதால் சொல்கிறேன். லேன் வயரில் பவர் அனுப்பும் இந்த முறைக்குப் பெயர் பி.ஓ.இ. முறையான பி.ஓ.இ. சுவிட்ச் 48 வோல்ட் அளவில் அனுப்பும். வோல்டேஜ் நான்கு மடங்கு என்றால் கரன்ட் கால்பங்கு, அதனால் 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் விலை குறைக்க சிலர் ஸ்பிளிட்டர் (பவரையும் படத்தையும் பிரிக்கும்) பின்னை மாட்டி அதே லேன் வயரில் 12 வோல்ட்டையே அனுப்புகிறார்கள். அதற்கும் பெயர் பி.ஓ.இ.தான்! பவர் கொடுக்கும் அடாப்டர் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 12 என்று இருந்தால் பழைய குறைதான் புதுப் பெட்டியில் வருகிறது.

வயரையே மாற்றுவதாக முடிவெடுத்தால், பில்லில் 'பியூர் காப்பர்' என்று எழுதி வாங்கிய பிறகு, சுருளிலிருந்து அரையடி வெட்டி அவர் முன்னாலேயே சுரண்டிப் பாருங்கள். பைப்புக்குள் போவதற்கு முன்பு.